மணி அடித்த பின்னும் பள்ளி

சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்து ஆலய முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். பங்கைச் சேர்ந்த இளந்தம்பதியர் எங்களை நோக்கி வந்தனர். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவி என்பதால், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய ஐயங்களை எங்களிடம் கொண்டு வருவோர் இன்னும் உண்டு.

"சார், பையன் ஒன்பதாவது படிக்கிறானுங்க. பள்ளிக்கூடத்துல சாரணர் முகாமுக்கு நாலு நாள் கூப்பிடறாங்க. அனுப்பலாமுங்களா? படிப்புக் கெட்டுப் போயிடாதுங்களா?" என்று தந்தை கேட்டார். "டீச்சர், நீங்க சொன்னாச் சரிங்க" என்று தாயார் எங்கள் முகத்தைப் பார்த்தார். மகன் சற்றுத் தள்ளி நின்று, சுவரொட்டியைப் படிப்பவன் போலக் காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தான்.

"அனுப்புங்கள்" என்று ஒரே சொல்லில் விடை கூறினோம். ஆனால் அந்த ஒரு சொல்லை அவ்வளவு உறுதியாகச் சொல்ல நாங்கள் கொடுத்த விலையை அந்த முற்றத்தில் நின்று சொல்ல இயலவில்லை. நாங்கள் கண்ட நன்மை ஒன்றும், நாங்களே செய்த தவறு ஒன்றும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. இரண்டையும் இங்கே எழுதுகிறோம்.

*

எங்களில் ஒருவர் அறிவியல் ஆசிரியர், மற்றவர் தமிழாசிரியை. கோவைக்கும் ஈரோட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினோம். அறிவியல் மன்றமும் இலக்கிய மன்றமும் எங்கள் பொறுப்பில் இருந்தன. தொடக்கத்தில் அவற்றை ஒரு கூடுதல் சுமையாகவே கருதினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டாய்வுக்குப் பதிவேடு இருந்தால் போதும் என்ற நிலைதான்.

1997ஆம் ஆண்டு, மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர் இருபத்தெட்டுப் பேரை ஒரு வாடகைச் சிற்றுந்தில் ஏற்றிக்கொண்டு ஒரத்துப்பாளையம் அணைக்குச் சென்றோம். நொய்யலைப் பற்றிப் பாடநூலில் இரண்டே வரிகள் இருந்தன. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், கோவை, சூலூர், திருப்பூர் வழியே சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊருக்கருகே காவிரியில் கலக்கும் நதி அது. 1992இல் பாசனத்திற்கென்று திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர்த் தேக்கமாக மாறிப்போன கதையை அறியாதவர் கொங்கு நாட்டில் அன்று இலர். ஆனால் கேள்விப்படுவது வேறு. கண்ணால் காண்பது வேறு.

கரையில் இறங்கியதும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டனர். புட்டிகளில் நீரை மொண்டு, லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்துக் குறிப்பெழுதச் சொன்னோம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அழகிய கையெழுத்தில், "நீர் மாசடைந்துள்ளது" என்று எழுதி முடித்தனர். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் கடைசி வரிசை மாணவன் ஒருவன் வாய் திறந்தான். வேதியியலில் அதுவரை ஒரு தேர்விலும் தேறாதவன். வகுப்பில் அவன் குரலை நாங்கள் கேட்டதே வருகைப் பதிவின்போது மட்டுந்தான்.

"சார், கலர் போனாலும் இந்தத் தண்ணி ஆகாதுங்க. இதுல உப்பு இருக்குதுங்க."

"உப்பா? எப்படித் தெரியும்?"

"சாயம் துணியில ஏறோணும்னா உப்புப் போடோணுங்க. மூட்டை மூட்டையாப் போடுவாங்க. துணி சாயத்தத்தான் குடிக்கும், உப்பக் குடிக்காதுங்க. அவ்வளவும் தண்ணியோட வெளிய வந்துருமுங்க."

அவன் தந்தை ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளி. விடுமுறை நாட்களில் இவனும் உடன் சென்று உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டியிருக்கிறான். அந்த வயதில் அவன் அங்கே இருந்திருக்கக் கூடாது. ஆனால் இருந்தான், இருந்ததனால் அறிந்திருந்தான். அவன் கூறியது முற்றிலும் உண்மை. நீரில் நனைந்த பருத்தி இழையும் சாயமும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையருகே கொண்டு சேர்க்கிறது. சேர்த்தபின் தான் குறையாமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது. சுண்ணாம்பு இட்டு நிறத்தை அகற்றலாம். அதனால் உப்பை அகற்ற இயலாது. வயலுக்குப் பாய்ந்து நிலத்தைக் கெடுத்ததும், கிணறுகளில் ஊறியதும் அந்த உப்பேயாகும்.

சோடியம் குளோரைடின் வாய்பாட்டைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய எங்களுக்கு, அது திருப்பூரின் பனியனுக்குள் எவ்வாறு வேலை செய்கிறதென்று தெரியாது. தேர்வில் அந்த வாய்பாட்டை எழுதத் தவறிய சிறுவனுக்குத் தெரிந்திருந்தது. அறிவியல் ஆசிரியர் தம் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். இருபத்தேழு பிள்ளைகளும் அவனைச் சூழ்ந்து நின்றனர்.

மறுவாரம் பள்ளி ஆய்வகத்தில் அதைச் சோதித்தோம். மேற்கே உறவினர் வீட்டுக்குச் சென்ற மாணவி ஒருத்தி சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து ஒரு புட்டி நீர் கொண்டு வந்திருந்தாள். அதையும் ஒரத்துப்பாளையத்து நீரையும் சம அளவில் பீங்கான் கிண்ணங்களில் ஊற்றி வற்றச் செய்தோம். முதற்கிண்ணத்தில் பழுப்பு வளையமொன்று மெல்லியதாகப் படிந்திருந்தது. இரண்டாவதில் கத்தியால் சுரண்டி எடுக்கும் அளவுக்கு வெள்ளைப் பொருக்கு எஞ்சியது. ஒரே நதிதான். நிறுத்தலும், கழித்தலும், விகிதமும் அன்று எவரும் சொல்லிக்கொடுக்காமலே நடந்தன. தமிழ் வகுப்பில் அந்த நதியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, "முன்னுரை, பொருளுரை, முடிவுரை" என்று எவரும் தவிக்கவில்லை. சொல்வதற்குச் செய்தி இருந்தது; அதற்குரிய சொல் தானே வந்தது.

அச்சிறுவனின் மதிப்பெண் வானளவு உயர்ந்துவிட்டதென்று எழுத எங்களுக்கும் ஆசைதான். அவ்வாறு நிகழவில்லை. அடுத்த தேர்வில் முப்பத்தெட்டு. ஆண்டிறுதியில் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அவன் மூன்றாம் வரிசைக்கு வந்து அமர்ந்தான். ஐயம் கேட்டான். ஆய்வகத்துக் கிண்ணங்களைக் கழுவி வைப்பது தன் உரிமை என்பதுபோல் நடந்துகொண்டான்.

2011ஆம் ஆண்டு, சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு இன்றி அவை இயங்கக் கூடாதென்ற செய்தியைப் படித்தபோது எங்களுக்கு அவன் நினைவே வந்தது. சில ஆண்டுகள் கழித்துத் திருப்பூர்ப் பேருந்து நிலையத்தில் அவனையே கண்டோம். பின்னலாடை நிறுவனமொன்றில் மேற்பார்வையாளர். இரு பிள்ளைகளின் தந்தை. "பாடமெல்லாம் மறந்து போச்சுங்க சார். ஆனா நான் சொல்லச் சொல்ல நீங்க நோட்டுல எழுதிக்கிட்டீங்க பாருங்க, அது மட்டும் மறக்கலீங்க" என்றார்.

பள்ளிக்கு வெளியே நிகழும் கல்வியைப் பற்றி நாங்கள் படித்தவை பல. அந்த ஒரு வாக்கியத்திற்கு ஈடாக அவற்றில் ஒன்றும் இல்லை. வகுப்பறையில் பிள்ளை கொள்பவன், நாம் கொடுப்பவர். சுவருக்கு வெளியே வந்தபோது, அவனிடமும் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது என்று கண்டோம். அன்று அந்த வகுப்புக்கு அவன் தேவைப்பட்டான். தான் தேவைப்பட்டதை அவன் உணர்ந்தான். அவன் வளர்ச்சி அங்கிருந்து தொடங்கியது.

*

இனி எங்கள் தவறு.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். ஒரத்துப்பாளையத்துக் கரையில் இவ்வளவையும் கண்ட நாங்கள், ஐந்து ஆண்டுகள் கழித்து எங்கள் மகளுக்குச் செய்தது நேர் எதிரானது.

அவள் பத்தாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியிலேயே பயின்றாள். கோ-கோ அணியில் ஆடினாள். அந்த ஆட்டத்தை அறியாதாருக்குச் சொல்கிறோம்: துரத்தும் அணியில் எட்டுப் பேர் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசை நோக்கிக் குந்தியிருப்பர். ஒருவர் மட்டுமே ஓடுவார். அவர் முதுகில் தொட்டுக் "கோ" என்று குரல் கொடுக்கும் வரை எவரும் எழக் கூடாது. எப்போது தம்மைத் தொடுவார் என்று தெரியாது. ஆனால் தொட்ட கணத்தில் எழுந்து பாய வேண்டும். குந்தியிருப்பவர்களில் ஒருவர் கவனம் சிதறினாலும் ஆட்டம் தோற்கும். அதுவன்றி, பங்கில் கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்திற்குச் சிறுவர்களைப் பழக்குவதும் அவள் பொறுப்பு. ஆடுகளாக வரும் மழலைகளை அழாமல் மேடையேற்றுவது எளிய வேலையன்று.

2002இல் அவள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றதும் எங்களுக்கு அச்சம் பிடித்தது. சுற்றியிருந்த எல்லாரும் ஒரே திசையைக் காட்டினர். நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் அன்று தமிழகமெங்கும் புகழ் பெற்றிருந்தன. மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தனர். கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்போன அந்தப் பகுதியின் பெயரை வைத்து, "பிராய்லர் பள்ளிகள்" என்று மக்களே கேலி பேசினர். கேலி பேசிக்கொண்டே வரிசையிலும் நின்றனர். நாங்களும் நின்றோம்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியில் அவளைச் சேர்த்தோம். விடியற்காலை எழுப்பி, இரவு பதினொன்றுவரை படிக்க வைத்தனர். பதினோராம் வகுப்புப் பாடங்களை ஓரிரு மாதங்களில் ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போட வைப்பது அத்தகைய பள்ளிகள் பலவற்றில் வழக்கமாயிருந்தது. விளையாட்டு வேளை அட்டவணையில் இருந்தது, மைதானத்தில் இல்லை. அங்கும் ஆசிரியர்கள் உழைத்தனர். பிள்ளைகளுக்குத் தீங்கு எண்ணியவர் எவரும் இலர். நாங்கள் கேட்டதையே அவர்கள் கொடுத்தனர்.

1,200க்கு 1,100க்கு மேல் பெற்றாள். பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்தது. உறவினர் வாழ்த்தினர். முதலாமாண்டின் பாதியில் அவள் வீடு திரும்பினாள். காய்ச்சல் இல்லை, நோய் இல்லை. வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்க முடியவில்லை. குழுவாகச் செய்யும் ஆய்வகப் பணியில் யாரோடும் சேர முடியவில்லை. நூறு பேர் நடுவே நடுக்கம் வருகிறது என்றாள். மழலைகளை மேடையேற்றிய அதே பெண்.

பல இரவுகள் அழுதபின் ஒருநாள் சொன்னாள். "அப்பா, அந்த ரெண்டு வருசத்துல நான் யாருக்கும் தேவைப்படவே இல்லைங்கப்பா. நான் படிக்கிறேனான்னு பார்த்தாங்க. நான் இருக்கேனான்னு யாரும் பார்க்கல. அம்மா, யாருமே முதுகுல தொடலைங்கம்மா."

கோ-கோ ஆட்டத்தைத்தான் சொல்கிறாள் என்று எங்களுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. ஈராண்டு குந்தியே இருந்த பிள்ளை எவ்வாறு எழுந்து ஓடும்?

இறையருளால் அவள் மீண்டாள். அந்த ஆண்டு டிசம்பரில் பங்குத்தந்தை எங்கள் வீட்டுக்கு வந்து, வழக்கமாக நாடகம் பழக்கிய அக்கா இல்லாமல் மறைக்கல்விச் சிறுவர்கள் தடுமாறுவதாகக் கூறினார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. உதவி கேட்டார், அவ்வளவே. அவள் மூன்று நாள் தயங்கி, நான்காம் நாள் சென்றாள். சனவரியில் கல்லூரிக்குத் திரும்பியவள், நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து அடுத்த கோடையில் ஒரு கிராம முகாமுக்குப் போய் வந்தாள். எல்லாம் ஒரே நாளில் சீராகிவிடவில்லை. படிப்பை முடிக்க ஓராண்டு கூடுதலாயிற்று. அந்த ஓராண்டு எங்கள் கணக்கில் எழுதப்பட வேண்டிய கடன்.

*

பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடுத்து வளர்க்கும் எண்ணம் புதியதன்று. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் நடத்திய முதற் சாரணர் முகாமில் சிறுவர் இருபது பேர் அளவில் கலந்துகொண்டனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தனர். அவர்களை நான்கு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கி, அணியின் நன்மை தீமைக்கு அவனையே பொறுப்பாக்கினார். சாரணர் இயக்கத்தின் அடித்தளம் இந்த அணி முறையே. தோல்பட்டையும் கழுத்துத் துண்டும் அதன் புற அடையாளங்கள்.

நம் கோவை மண்ணிலும் அத்தகைய முயற்சி நிகழ்ந்தது. திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் இராமகிருஷ்ண வித்யாலயத்தைச் சில சிறுவர்களோடு தொடங்கினார். பின்னர் அது பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றியது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, வளாகத்தைத் தாமே துப்புரவு செய்து, தோட்ட வேலையும் கைத்தொழிலும் பழகினர். தீண்டாமை கோலோச்சிய காலத்தில், சமத்துவத்தைப் பாடமாக நடத்துவதைவிட ஒரே துடைப்பத்தை மாறி மாறிப் பிடிக்கச் செய்வது வலிமையான பாடமாக இருந்தது. ஈரோட்டு மாவட்டத்தில் பிறந்த பெரியசாமித் தூரன் அந்த வித்யாலயத்தில் ஆசிரியராயிருந்தவர்; பின்னர்த் தமிழில் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்தவரும் அவரே. கைவேலை செய்யும் பள்ளியில் அறிவு மங்கிவிடும் என்று அஞ்சுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை நாம் அறிவோம். ஐந்து வயதில், பள்ளிக்குச் செல்லும் வழியில், பேருந்து ஏறி வலது காலின் கீழ்ப்பகுதி நசுங்கியது. உயரம் தாண்டிப் பார் என்று அவரை ஊக்கியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்லப் போவதில்லை. ஆனால் காலில் குறையுள்ள ஒரு சிறுவனை "நீ ஓரமாக உட்கார்" என்று சொல்லாமல், கோலை உயர்த்திப் பிடித்த ஓர் ஆசிரியர் ஒவ்வொரு பள்ளிக்கும் தேவை. நம் பள்ளிகளிலோ, பாடம் முடியவில்லை என்று கணித ஆசிரியர் கடன் வாங்கும் முதல் வேளை உடற்கல்வி வேளைதான். அந்தக் கடனை எவரும் திருப்பித் தந்ததில்லை. நாங்களும் வாங்கியிருக்கிறோம்.

அரசும் சில முயற்சிகள் செய்துள்ளது. 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடப் பட்டியல் வெளியிடுவது நிறுத்தப்பட்டது. பதினோராம் வகுப்பைப் புறக்கணிப்பதைத் தடுக்க 2017-18 முதல் அவ்வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வைக் கைவிட்டது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் வானவில் மன்றமும் நடைபெறுகின்றன. ஆணைகள் வாயிலைத் திறக்கும். பிள்ளையை உள்ளே அனுப்புவது வீட்டின் முடிவு.

*

"அப்படியானால் எல்லா விழாவுக்கும், எல்லாப் போட்டிக்கும் அனுப்பிவிடலாமா?" என்று கேட்பீர்கள். அதிலும் எச்சரிக்கை வேண்டும்.

இன்று பள்ளிகளில் நடப்பவை பல, செயல் போலத் தோன்றும் காட்சிகளே. ஆண்டு விழாவுக்கு வெளியிலிருந்து நடன ஆசிரியர் வருகிறார். ஆடை வாடகைக்கு வருகிறது. பிள்ளை கையைத் தூக்கச் சொன்னபோது தூக்குகிறது. அறிவியற் கண்காட்சிக்கு எரிமலையும் காற்றாலையும் கடையில் விற்கின்றன. அல்லது தந்தை விடியும்வரை கண்விழித்து ஒட்டுகிறார். போட்டிகளில் எப்போதும் அதே ஐந்து பேர் மேடையேற, மற்ற நாற்பது பேர் கைதட்டுகின்றனர். முகாமுக்கு வெள்ளைக் காலணி கட்டாயம் என்பதால் ஏழை வீட்டுப் பிள்ளை, "எனக்கு விருப்பமில்லை" என்று பொய் சொல்கிறது. வயதுக்கு வந்தவுடன் பெண் பிள்ளையை மைதானத்திலிருந்து அழைத்துக்கொள்ளும் வழக்கமும் நம்மிடையே முற்றிலும் மறைந்துவிடவில்லை.

ஆதலால் நாங்கள் ஓர் எளிய கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறோம். இந்தப் பிள்ளை இன்று வராவிட்டால் அந்தச் செயலில் எவருக்கேனும் ஒரு குறை தெரியுமா? தோட்டத்தில் ஒரு பாத்தி வாடுமா? முகாமில் ஒரு குழு உணவின்றித் தவிக்குமா? நாடகத்தில் திரையை இழுக்க ஆள் இராதா? தெரியும் என்றால் அங்கே பிள்ளை வளரும். தெரியாதென்றால் அது இன்னொரு வகுப்பறையே. சுவர் மட்டுந்தான் இல்லை.

படிப்புக் கெடுமா என்ற அச்சத்திற்கும் நேர்மையாக விடை கூற வேண்டும். சில நாட்கள் இழப்பு உண்டு. நான்கு நாள் முகாம் சென்றவன் நான்கு நாள் பாடத்தைத் தோழனிடம் கேட்டு எழுத வேண்டும். ஆனால் தோழனிடம் கேட்கக் கற்றுக்கொள்வதும் ஒரு கல்விதான். எங்கள் மகள் ஈராண்டில் ஒரு நாள் பாடத்தையும் இழக்கவில்லை. இழந்தது அதைவிடப் பெரிது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி குறித்து வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளின் உடல், ஒழுக்கம், அறிவு ஆகிய மூன்று திறன்களும் இசைவாக வளர உதவ வேண்டும் என்று நினைவூட்டுகிறது. நம் பள்ளிகள் அந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடைபோட்டு மற்ற இரண்டையும் காத்திருக்கச் சொல்கின்றன. நம் பெற்றோர் கூட்டங்களோ அந்த எடையைச் சரிபார்க்கும் கூட்டங்களாகிவிட்டன.

ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் உணவளித்த நிகழ்ச்சியை நான்கு நற்செய்தியாளரும் எழுதியுள்ளனர். ஐந்து வாற்கோதுமை அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வைத்திருந்தவன் ஒரு சிறுவன் என்று குறிப்பவர் யோவான் மட்டுமே. அவனுக்குப் பெயரில்லை. அத்தனை பெரியவர்கள் நடுவே ஆண்டவருடைய பணிக்கு அன்று அவன் கையிலிருந்தது தேவைப்பட்டது. வீடு திரும்பிய அச்சிறுவன் தன் தாயிடம் என்ன சொல்லியிருப்பான் என்று நாங்கள் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

வாசகர்களே, உங்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள், தொழில் தெரிந்தவர்கள், தறி ஓட்டியவர்கள், பம்பு மோட்டார் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள், வேளாண்மை அறிந்தவர்கள். அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரிடம் சென்று, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் தர முடியும் என்று சொல்லிப் பாருங்கள். ஆசிரியர் ஒருவரே நாற்பது பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்ல அஞ்சுவார். உடன் இரு பெரியவர்கள் இருந்தால் துணிவார். பெற்றோராயின், அடுத்த கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்டபின், "எங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் என்ன பொறுப்பு கொடுத்திருக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். கேட்பவர் பெருகினால் கொடுப்பவரும் பெருகுவர்.

சென்ற ஞாயிறு அந்தச் சிறுவனை மீண்டும் ஆலய முற்றத்தில் கண்டோம். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது, முழங்கையில் சிராய்ப்பு. இம்முறை அவன் தள்ளி நிற்கவில்லை. முகாம் எப்படியிருந்தது என்று கேட்டோம்.

"நல்லா இருந்துச்சுங்க சார். நாலு நாளும் எங்க அணிக்குத் தண்ணி கொண்டாரது என் பொறுப்புங்க டீச்சர். ஒரு நாள் குடம் கவுந்து போச்சு. சமையல் நின்னு போச்சுங்க. மறுக்கா ஓடிப் போயிக் கொண்டாந்தேன்."

அதைச் சொன்னபோது அவன் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, தந்தையும் தாயும் எங்களிடம் வேறொன்றும் கேட்கவில்லை.